சொல்லிவிடுங்கள், யாரும் சிரிக்க மாட்டார்கள்



காரைக்கால்மேட்டிலிருந்து ஒரு கடிதம் வந்திருக்கிறது. ஜெராக்ஸ் எடுப்பது, ஆன்லைனில் விண்ணப்பம் போட்டுக் கொடுப்பது, பாஸ்போர்ட் சைஸ் போட்டோ அச்சடிப்பது என்று ஊருக்குள் சிறு கடை நடத்தும் தம்பி எழுதியது. கடைக் கம்ப்யூட்டரில் ட்ரோஜன் இருப்பதாகத் திரையில் எச்சரிக்கை வருகிறதாம். எப்படி வந்தது, எப்படி எடுப்பது என்று கேட்டிருக்கிறார். கடைசியில் ஒரு வரி: "ஐயா, என் பெயரைப் போட்டுவிடாதீர்கள். ஊரில் தெரிந்தால் அப்புறம் யாரும் ஆதார் கார்டை என் கையில் கொடுக்க மாட்டார்கள்."

அவருக்குத் தனியாகப் பதில் எழுதிவிட்டேன். ஆனால் அந்தக் கடைசி வரி என்னை விடவில்லை. அந்தத் தம்பியின் பயம் நியாயமானது. அந்தப் பயத்தை நம்பித்தான் ட்ரோஜன்காரர்கள் பிழைக்கிறார்கள் என்பதும் உண்மை. மேட்டில் ஒரு கடைக்கு வந்தது அந்தக் கடையோடு நிற்காது. மீன்பிடித் தடைக்கால நிவாரணத்துக்கான விண்ணப்பம், படகின் ஆவணங்கள், பிள்ளைகளின் கல்லூரிச் சேர்க்கை, பிரான்சிலோ சிங்கப்பூரிலோ இருக்கும் உறவினருக்கு அனுப்ப வேண்டிய ஸ்கேன் பிரதி எல்லாம் இப்படிப்பட்ட கடைகள் வழியாகத்தான் போகின்றன. வங்கிப் பாஸ்புக்கின் முதல் பக்கம் எத்தனை வீட்டுடையது அந்த ஹார்டு டிஸ்கில் கிடக்கும் என்று நினைத்துப் பாருங்கள். அதனால் இந்த மாதப் பக்கத்தை இதற்கே ஒதுக்குகிறேன்.

பொதுவாக எல்லாவற்றையும் வைரஸ் என்று சொல்லிவிடுகிறோம். வைரஸ் ஒரு கோப்பில் ஒட்டிக்கொண்டு தானே பெருகும். வார்ம் என்பது நெட்வொர்க்கில் ஓட்டை தேடித் தானாக ஊர்ந்து போகும். ட்ரோஜனுக்கு அந்தத் திறமை இல்லை. யாராவது ஒருவர் அதைத் தன் கையால் திறக்க வேண்டும். ஆகவே அது நமக்கு வேண்டிய ஒன்றின் உருவத்தில் வருகிறது.

சிறு கடைகளில் நான் அதிகம் பார்த்த வழி "கிராக்". விண்டோஸையோ ஆபீஸையோ போட்டோஷாப்பையோ காசு கொடுக்காமல் ஓட வைப்பதாகச் சொல்லும் ஆக்டிவேட்டர். இறக்கியதும் உள்ளே ஒரு குறிப்பு இருக்கும். "முதலில் ஆன்ட்டி வைரஸை நிறுத்துங்கள்" என்று அதில் எழுதியிருக்கும். காவல்காரரைத் தூங்கச் சொல்லிவிட்டுத்தான் மேற்கொண்டு வேலை. 2021 டிசம்பரில் ரெட் கேனரி என்ற அமெரிக்கப் பாதுகாப்பு நிறுவனம், கேஎம்எஸ்பிகோ என்ற பெயர்பெற்ற ஆக்டிவேட்டரின் போலிப் பிரதிகளுக்குள் கிரிப்ட்பாட் என்ற திருட்டு நிரல் வைக்கப்பட்டிருப்பதை விளக்கியது. கேட்ட ஆக்டிவேட்டரும் கிடைக்கும், கேட்காத திருடனும் கூடவே இறங்கும். வந்த வேலை முடிந்துவிட்டால் யாருக்குச் சந்தேகம் வரும்? விலை கொடுத்து வாங்க முடியாத கடைக்காரரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. லிப்ரே ஆபீஸும் கிம்ப்பும் இலவசம், தமிழ் யூனிகோடும் அவற்றில் நன்றாக ஓடும் என்று மட்டும் சொல்லி வைக்கிறேன்.

இன்னொரு வழி பெயரில் ஏமாற்றுவது. விண்டோஸ் சாதாரணமாகக் கோப்பின் வால் பெயரை மறைத்துக் காட்டும். "பில்.பிடிஎஃப்.எக்ஸ்இ" என்று ஒன்று வந்தால் கண்ணுக்கு "பில்.பிடிஎஃப்" என்றுதான் தெரியும். ஐகானும் பிடிஎஃப் ஐகான் மாதிரியே இருக்கும். இரண்டு முறை தட்டினால் அது ஓடத் தொடங்கிவிடும். ஃபைல் எக்ஸ்ப்ளோரரில் "வியூ" என்பதற்குள் போய், கோப்பின் வால் பெயரைக் காட்டும்படி ஒரு டிக் போட்டு வைத்தால் இந்த வேடம் கலைந்துவிடும். ஒரு நிமிட வேலை, இன்றைக்கே செய்துவிடுங்கள். ஆபீஸ் கோப்புகளுக்குள் மேக்ரோவாக ஒளிந்து வருவது இன்னொரு வகை. இணையத்திலிருந்து வரும் கோப்புகளின் மேக்ரோவை மைக்ரோசாப்ட் 2022 முதல் தானாகவே தடுக்கிறது. அதன் பிறகு அந்த வழி குறைந்திருக்கிறது, அடைபடவில்லை. பென்டிரைவைப் பற்றிக் கடைக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதே இல்லை.

உள்ளே போனதும் அது செய்யும் முதல் வேலை, தனக்கு ஓர் இடம் பிடிப்பது. நாம் எட்டிப் பார்க்காத ஃபோல்டருக்குள் தன்னை நகல் எடுத்துக்கொள்ளும். கம்ப்யூட்டர் எழும்போதெல்லாம் தானும் எழும்படி ஸ்டார்ட்அப் பட்டியலிலோ டாஸ்க் ஷெட்யூலரிலோ தன் பெயரை எழுதிவிடும். முடிந்தால் ஆன்ட்டி வைரஸின் விதிவிலக்குப் பட்டியலிலும் புகுந்துகொள்ளும். பிறகு தன் எஜமானனின் சர்வரைத் தொடர்புகொண்டு "வந்துவிட்டேன்" என்று சொல்லும். அதற்குப் பின் என்ன செய்வது என்பது அங்கிருந்து வரும் கட்டளை. சில வகை நாம் தட்டும் ஒவ்வொரு விசையையும் குறித்து அனுப்பும். சில, பிரவுசரில் சேமித்து வைத்த பாஸ்வேர்டுகளை மொத்தமாக அள்ளும். இப்போது அதிகம் திருடப்படுவது குக்கீ. நாம் ஏற்கனவே உள்ளே நுழைந்துவிட்டோம் என்பதற்கான அடையாளச் சீட்டு அது. அந்தச் சீட்டு கைக்குப் போனால் பாஸ்வேர்டும் வேண்டாம், ஓடிபியும் வேண்டாம். நம் மின்னஞ்சலை அவன் ஊரிலிருந்தே திறந்துவிடுவான்.

இதெல்லாம் விவரம் தெரியாத சின்னக் கடைக்குத்தான் நடக்கும் என்று அந்தத் தம்பி நினைத்துக் குறுக வேண்டாம். நமக்குப் பக்கத்தில் கும்பகோணத்தில், 1904-இல் தொடங்கிய சிட்டி யூனியன் வங்கிக்கு 2018 பிப்ரவரியில் ஒரு சோதனை வந்தது. கணினி அமைப்புக்குள் ஊடுருவியவர்கள், வெளிநாட்டுப் பணப் பரிமாற்றத்துக்கான ஸ்விஃப்ட் வழியாகத் துபாய், துருக்கி, சீனா ஆகிய மூன்று இடங்களுக்குப் பணம் அனுப்பக் கட்டளை போட்டார்கள். மொத்தம் 20 லட்சம் டாலருக்குச் சற்றுக் குறைவு. அனுப்பிய கட்டளைகளுக்கு வரும் ஒப்புகைச் செய்திகளை அச்சடிக்கும் பிரின்டரையும் அன்று முடக்கி வைத்தார்கள். காகிதம் வெளியே வந்தால்தானே யாராவது பார்ப்பார்கள்? 2016-இல் வங்காளதேச மத்திய வங்கியில் 8 கோடியே 10 லட்சம் டாலர் போனபோதும் இதே பிரின்டர் தந்திரம்தான் நடந்தது. ஆனால் கும்பகோணத்தில் மறுநாள், பிப்ரவரி 7-ஆம் தேதி காலை, வழக்கமாகக் கணக்கு ஒத்துப் பார்த்தவர்களுக்குப் பொருந்தாத மூன்று பதிவுகள் கண்ணில் பட்டன. உடனே சம்பந்தப்பட்ட வெளிநாட்டு வங்கிகளுக்குச் செய்தி போனது. துபாய்க்குப் புறப்பட்ட 5 லட்சம் டாலர் தடுக்கப்பட்டுத் திரும்பி வந்தது. வங்கி மூடி மறைக்காமல் நடந்ததைப் பொதுவில் அறிவித்தது. காலையில் கணக்குப் பார்க்கும் பழைய பழக்கம் இத்தனை வேலை செய்திருக்கிறது என்பதைப் படித்தபோது எனக்கு அந்த ஊழியர்கள் மேல் பெரிய மரியாதை வந்தது.

இதற்கு நேர்மாறான ஒன்று அடுத்த வருடம் கூடங்குளத்தில் நடந்தது. 2019 அக்டோபர் இறுதியில், அணுமின் நிலையத்தின் கம்ப்யூட்டரில் டிட்ராக் என்ற ட்ரோஜன் இருந்ததாகச் செய்தி கிளம்பியது. 29-ஆம் தேதி நிலையத்திலிருந்து வந்த அறிக்கை, அது தவறான தகவல் என்ற தொனியில் மறுத்தது. மறுநாளே இந்திய அணுமின் கழகம், தீநிரல் கண்டுபிடிக்கப்பட்டது உண்மைதான் என்று ஒப்புக்கொண்டது. சைபர் அவசரநிலைகளைக் கவனிக்கும் மத்திய அரசின் செர்ட்-இன் அமைப்பு செப்டம்பர் 4-ஆம் தேதியே அதைக் கவனித்துத் தெரிவித்திருக்கிறது. பாதிக்கப்பட்டது நிர்வாக வேலைக்காக இணையத்தில் இணைந்திருந்த ஒருவரின் கம்ப்யூட்டர். அணு உலையை இயக்கும் அமைப்பு தனியாக இருக்கிறது, அதற்கு எந்தப் பாதிப்பும் இல்லை என்று கழகம் விளக்கியது. டிட்ராக், விசைத் தட்டல்களையும் பிரவுசர் வரலாற்றையும் வட்டில் இருக்கும் கோப்புகளின் பட்டியலையும் திரட்டக்கூடியது. அதே குடும்பத்தைச் சேர்ந்த ஒரு நிரல் 2018-இல் இந்திய ஏடிஎம்களில் கார்டு விவரங்களைத் திருடியதைக் காஸ்பர்ஸ்கி நிறுவனம் வெளியிட்டிருந்தது.

உலை பத்திரமாக இருந்தது என்பது நல்ல செய்தி. அதை முதல் நாளே, தீநிரல் வந்த உண்மையோடு சேர்த்துச் சொல்லியிருந்தால் மக்கள் நம்பியிருப்பார்கள். இல்லை என்று சொல்லிவிட்டு மறுநாள் ஆமாம் என்றால், அதற்குப் பிறகு சொல்லும் எதுவும் நிலையத்துக்குப் பக்கத்து இடிந்தகரை மக்களின் காதில் எப்படி ஏறும்? கடலோரத்தில் வாழ்கிற நமக்கு அந்த வேதனை புரியும். அவ்வளவு பெரிய நிறுவனத்துக்கே முதலில் தோன்றியது மறுப்பு என்றால், மேட்டில் ஒரு தம்பி பயப்படுவதில் வியப்பில்லை. பயப்பட்டாலும் சொல்ல வேண்டும் என்பதுதான் என் கட்சி.

சரி, எடுப்பது எப்படி?

முதலில் அந்த எச்சரிக்கை எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். பிரவுசருக்குள் சிவப்புப் பக்கம் திறந்து, சத்தம் போட்டு, ஒரு போன் நம்பரைக் கொடுத்து "உடனே அழையுங்கள்" என்றால் அந்தப் பக்கமே மோசடி. மைக்ரோசாப்ட் இப்படி நம்பர் போட்டு யாரையும் அழைக்கச் சொல்வதில்லை. டாஸ்க் மேனேஜரில் போய் பிரவுசரை மூடுங்கள்; பெரும்பாலும் அதோடு தொல்லை முடியும். எச்சரிக்கை விண்டோஸ் செக்யூரிட்டியிலிருந்தோ நீங்கள் போட்ட ஆன்ட்டி வைரஸிலிருந்தோ வந்தால் அது நிஜம்.

நிஜமென்றால் இணையத்தைத் துண்டியுங்கள். வைஃபையை அணையுங்கள், ஒயரைப் பிடுங்குங்கள். எஜமானனோடு பேச்சு நின்றால் திருட்டும் அந்த அளவில் நிற்கும். அந்தக் கம்ப்யூட்டரில் வங்கி வேலை எதுவும் வேண்டாம். பென்டிரைவ் எதையும் செருகி இன்னொரு மெஷினுக்குக் கொண்டு போக வேண்டாம். பாஸ்வேர்டை மாற்றுவது மிக அவசரம், ஆனால் அதை வேறொரு சுத்தமான போனிலோ கம்ப்யூட்டரிலோ செய்யுங்கள். பாதிக்கப்பட்ட மெஷினில் உட்கார்ந்து மாற்றினால் புது பாஸ்வேர்டும் அவனுக்கே போகும். முதலில் மின்னஞ்சல், பிறகு வங்கி, பிறகு மற்றவை. "எல்லாச் சாதனங்களிலிருந்தும் வெளியேறு" என்ற வசதியை மறக்காமல் பயன்படுத்துங்கள். மேலே சொன்ன குக்கீ திருடு போயிருந்தால் அதைச் செல்லாததாக்க அதுதான் வழி. வாட்ஸ்அப்பில் "லிங்க்டு டிவைசஸ்" பட்டியலையும் பாருங்கள். கடைக் கம்ப்யூட்டரில் எத்தனை வாடிக்கையாளரின் வாட்ஸ்அப் திறந்தபடியே விடப்பட்டிருக்கும் என்பது கடைக்காரருக்குத்தான் தெரியும்.

பதறிப் போய் உடனே ஃபார்மட் போடாதீர்கள்; ஏனென்று ஒரு பழைய கதை சொல்கிறேன். 1989 டிசம்பரில், எய்ட்ஸ் நோய் பற்றிய தகவல் வட்டு என்று சொல்லி சுமார் 20,000 ஃபிளாப்பிகள் பல நாடுகளுக்குத் தபாலில் போயின. மருத்துவர்களும் ஆராய்ச்சியாளர்களும் நம்பிப் போட்டார்கள். மெஷினைத் தொண்ணூறு முறை அளவுக்கு இயக்கிய பிறகு கோப்புகளின் பெயர்கள் குழம்பிப் போய், பனாமாவின் ஒரு தபால் பெட்டிக்கு 189 டாலர் அனுப்பச் சொல்லித் திரையில் செய்தி வந்தது. கோப்புகளின் பெயர்தான் குலைந்திருந்தது, உள்ளிருந்த எழுத்து அப்படியே இருந்தது. ஜிம் பேட்ஸ் என்ற நிபுணர் அந்த ட்ரோஜனை எடுக்கவும் கோப்புகளை மீட்கவும் நிரல் எழுதி இலவசமாகக் கொடுத்தார். அதற்குள் அவசரப்பட்டு வட்டையே அழித்துப் பல வருட ஆராய்ச்சியை இழந்தவர்கள் உண்டு. மனம் கனக்கும் கதை அது.

விண்டோஸ் 10, 11 இரண்டிலும் ஒரு நல்ல கருவி ஏற்கனவே இருக்கிறது. விண்டோஸ் செக்யூரிட்டியில் வைரஸ் பாதுகாப்புப் பகுதிக்குள் "ஸ்கேன் ஆப்ஷன்ஸ்" என்பதைத் திறந்தால் "ஆஃப்லைன் ஸ்கேன்" என்று ஒன்று வரும். அதை அழுத்தினால் மெஷின் அணைந்து, விண்டோஸ் முழுதாக எழும் முன்பே ஒரு கால் மணி நேரம் போலத் தேடும். ட்ரோஜன் விழித்து ஒளிந்துகொள்ளும் முன் பிடிக்கும் உத்தி அது. பல ட்ரோஜன்கள் இதிலேயே போய்விடும். போகவில்லையென்றால், ஷிஃப்ட் விசையை அழுத்திக்கொண்டு ரீஸ்டார்ட் கொடுத்து சேஃப் மோடில் நுழைந்து, அங்கிருந்து முழு ஸ்கேன் ஓட்டுங்கள். வேறொரு நிறுவனத்தின் கருவியாலும் ஒருமுறை பார்ப்பது நல்லது. ஒன்று தவறவிட்டதை இன்னொன்று பிடிக்கும். செர்ட்-இன் 2017 பிப்ரவரியில் தொடங்கிய சைபர் ஸ்வச்தா கேந்திரா என்ற மையத்தின் தளத்தில் இந்திய நிறுவனங்களின் நீக்கும் கருவிகள் இலவசமாகக் கிடைக்கின்றன. அவற்றில் கே7, 1991-இல் சென்னையில் தொடங்கிய நிறுவனம். நம்மூர்க்காரர்கள் செய்தது என்பதில் எனக்குக் கொஞ்சம் பெருமை உண்டு.

ஸ்கேன் முடிந்த பிறகு கையால் பார்க்க வேண்டியவையும் உண்டு. டாஸ்க் மேனேஜரில் ஸ்டார்ட்அப் பட்டியல், டாஸ்க் ஷெட்யூலர், பிரவுசரில் நாம் போடாத எக்ஸ்டென்ஷன், ஆன்ட்டி வைரஸின் விதிவிலக்குப் பட்டியல், நெட்வொர்க்கில் நாம் வைக்காத ப்ராக்ஸி. இவற்றில் தெரியாத பெயர் இருந்தால் விவரம் தெரிந்தவரிடம் கேட்டுவிட்டு நீக்குங்கள்.

இத்தனைக்கும் பிறகு எச்சரிக்கை திரும்ப வந்தால், அப்போதுதான் ஃபார்மட். வாடிக்கையாளரின் காகிதம் புழங்கும் கடைக் கம்ப்யூட்டர் என்றால் ஸ்கேன் சுத்தம் என்று காட்டினாலும் நான் ஃபார்மட்டுக்கே ஓட்டுப் போடுவேன். ஆவணங்கள், படங்களை மட்டும் நகல் எடுங்கள். இன்ஸ்டால் செய்யும் கோப்பு எதையும் எடுக்காதீர்கள். சுத்தமான வேறொரு மெஷினில் மைக்ரோசாப்ட் தளத்திலிருந்தே விண்டோஸை இறக்கிப் பென்டிரைவில் ஏற்றி, வட்டை முழுதாக அழித்துப் புதிதாகப் போடுங்கள். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள்.

போனைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், அது தனிப் பக்கம் கேட்கும் விஷயம். போனில் ட்ரோஜன், ஆப்பை நிறுவும் ஏபிகே கோப்பாக வாட்ஸ்அப்பில் வருகிறது. போக்குவரத்து அபராதம் என்று வரும், கல்யாணப் பத்திரிகை என்று வரும். ட்ரினிக் என்ற ட்ரோஜன் 2016-இல் எஸ்எம்எஸ் திருடும் சின்ன நிரலாகத் தொடங்கியது. 2021 செப்டம்பரில் செர்ட்-இன் எச்சரித்தபோது அது வருமான வரி ரீஃபண்டு என்ற பெயரில் 27-க்கும் மேற்பட்ட இந்திய வங்கிகளின் வாடிக்கையாளர்களைக் குறி வைத்திருந்தது. நாளைக்கே தடைக்கால நிவாரணம் என்று ஒரு ஏபிகே வந்தால் மேட்டில் எத்தனை பேர் தட்டுவார்கள் என்பதை நினைத்தால் எனக்குக் கவலையாக இருக்கிறது. எந்த அரசுத் துறையும் வாட்ஸ்அப்பில் ஏபிகே அனுப்பி நிவாரணம் கொடுக்காது. தட்டிவிட்டால் டேட்டாவை அணைத்து, சேஃப் மோடில் போனை எழுப்பி, அந்த ஆப்புக்குக் கொடுத்த "ஆக்சசிபிலிட்டி", "டிவைஸ் அட்மின்" அனுமதிகளை எடுத்துவிட்டு நீக்குங்கள். நீங்கவில்லையென்றால் ஃபேக்டரி ரீசெட்.

பணம் போயிருந்தால் முதலில் 1930 என்ற எண்ணை அழையுங்கள். அந்த எண்ணில் வங்கிகளும் காவல்துறையும் ஒரே வலையில் இணைந்திருக்கின்றன. பணம் ஒரு கணக்கிலிருந்து அடுத்த கணக்குக்குத் தாவும் முன்பே மடக்க முடியும். ஆகவே ஒவ்வொரு நிமிடமும் கணக்கு. உங்கள் வங்கிக்கும் உடனே சொல்லுங்கள். ரிசர்வ் வங்கி 2017 ஜூலையில் போட்ட விதிப்படி, வங்கி மேலும் உங்கள் மேலும் தவறில்லாமல் நடந்த மோசடியை 3 வேலை நாட்களுக்குள் தெரிவித்தால் இழப்பு உங்களைச் சேராது. தவறு உங்களுடையதாகவே இருந்தாலும், நீங்கள் தெரிவித்த பிறகு போகும் பணத்துக்கு வங்கிதான் பொறுப்பு. மகன் திட்டுவான், கணவர் கேட்பார் என்று இரண்டு நாள் மனதுக்குள் வைத்துப் புழுங்கிய அக்காமார்களை எனக்குத் தெரியும். அந்த இரண்டு நாளில்தான் மிச்சமும் போயிருக்கிறது.

2004 டிசம்பர் 26 காலையில் புதுச்சேரிப் பக்கம் நல்லவாடு கிராமத்துக்கு ஒரு போன் வந்தது. சிங்கப்பூரில் வேலை பார்த்த அந்த ஊர் இளைஞர், சுனாமிச் செய்தியைக் கேட்டுவிட்டு வீட்டுக்கு அழைத்துச் சொன்னார். எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அமைத்த கிராம அறிவு மையத்தின் ஒலிபெருக்கி அங்கே இருந்தது. அதில் அறிவித்தார்கள், ஊர் கரையை விட்டு ஓடிப் பிழைத்தது. அன்று காரைக்கால்மேடு பட்ட பாட்டை இங்கே யாருக்கும் நான் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. சுனாமியையும் கம்ப்யூட்டர் கோளாறையும் ஒரு தட்டில் வைக்கவில்லை. தெரிந்த ஒருவர் உடனே வாய் திறந்தால் ஊர் எப்படித் தப்பும் என்பதற்கு நம் கரையிலேயே நடந்ததைச் சொல்கிறேன்.

மேட்டுப் பஞ்சாயத்தாரிடம் அன்போடு ஒரு வேண்டுகோள் வைக்கிறேன். ஊருக்குள் யாருக்காவது மோசடிச் செய்தியோ ஏபிகேயோ வந்தால், வந்தவரின் பெயரைச் சொல்லாமல், "இப்படி ஒன்று சுற்றுகிறது, தட்டாதீர்கள்" என்று அன்று மாலையே ஊர் மைக்கில் ஓர் அறிவிப்பு. வாசகர்கள் எங்களுக்கும் எழுதுங்கள்: என்ன பெயரில் வந்தது, என்ன கேட்டது, தட்டியதும் என்ன நடந்தது. பெயரும் ஊரும் இல்லாமல் மாதாமாதம் இதே பக்கத்தின் கீழே அச்சிடுகிறோம். கடிதம் எழுதிய தம்பியின் கடையில் என்ன வந்தது என்பதை, அவர் சம்மதத்தோடு, அடுத்த இதழில் முதலாவதாகப் போடுகிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்